மும்மொழி வீட்டுக் கணினியும் லினக்ஸ் பணியிடங்களும்

கேரள மாநிலத்தில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் எல்லைப் பகுதிகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். சித்தூர் வட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், இவற்றோடு வடக்கே அட்டப்பாடி. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தின் மலைப்பகுதி. மூணாறு, மறையூர், காந்தளூர், வட்டவடை, பூப்பாறை, குமுளி, வண்டிப்பெரியாறு என்று அது நீளும். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்த வரலாறு இம்மலரின் வாசகர்களுக்குப் புதிதல்ல.

அந்த வரலாற்றை மீண்டும் சொல்வது என் நோக்கமன்று. அதன் விளைவாக இப்பகுதி வீடுகளில் இன்று நடப்பது என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். வீட்டுப் பேச்சு தமிழ். பஞ்சாயத்து அலுவலகத்து விண்ணப்பம் மலையாளம். பிள்ளையின் மேற்படிப்பு ஆங்கிலம். மூன்றும் ஒரே நாளில், பல வீடுகளில் ஒரே கணினியில் நடக்கின்றன. அந்தக் கணினியின் திரையை மூன்று மொழிக்கும் இடம் கிடைக்கும்படி அடுக்கிக்கொள்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் கணினிப் பொறியாளன் அல்லன். கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் மறையூர்ப் பக்கமும் உள்ள உறவினர், நண்பர் வீடுகளில் சில ஆண்டுகளாக லினக்ஸ் கணினிகளை அமைத்துக் கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் பயன்பட்ட முறையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

கேரளமும் லினக்சும்

ஏன் லினக்ஸ் என்று சிலர் கேட்கலாம். மற்ற மாநிலங்களில் லினக்ஸ் ஆர்வலர்களின் தனி விருப்பம். கேரளத்தில் அது பள்ளிப் பாடம். ஐ.டி. அட் ஸ்கூல் என்ற அரசுத் திட்டம் 2001இல் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளின் கணினிகளும் ஐ.டி. பாடநூல்களும் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2017இல் அத்திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பு 2019இலும், 22.04ஐ அடிப்படையாகக் கொண்டது 2024இலும் பள்ளிகளுக்காக வெளியாயின.

ஆகவே மூணாற்றிலோ சித்தூரிலோ தமிழ்வழியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா, லிபர் ஆபிஸ் எல்லாம் பழகிய பெயர்கள். வீட்டில் கணினி வாங்கும்போது, "பள்ளிக்கூடத்துல இருக்கறதே இதுலயும் வேணும்" என்று அந்தப் பிள்ளையே கேட்கிறது. அப்பாவுக்கோ தேங்காய் வியாபாரக் கணக்கு வேண்டும், அல்லது ஏலத்தோட்டக் கூலிக் கணக்கு வேண்டும். அம்மாவுக்குக் கோயம்புத்தூரிலோ போடியிலோ உள்ள உறவினருக்குத் தமிழில் நாலு வரி மின்னஞ்சல் எழுத வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மாநிலத்திலுள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியிலேயே அரசுக்குக் கடிதம் எழுத வழி செய்திருக்கிறது. சட்டம் தந்த உரிமை அது. ஆனால் வீட்டுக் கணினியில் தமிழில் ஒரு பக்கம் அடிக்க அரை மணி நேரம் விசைப்பலகையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தால், அந்த உரிமையை யார் பயன்படுத்துவார்? மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அடித்துக் கொடுத்துவிட்டு வருவோம். உரிமையை யாரும் பறிக்க வேண்டியதில்லை. வசதிக் குறைவே அதைப் பழக்கத்திலிருந்து எடுத்துவிடும். திரையை அடுக்குவது என்ற சின்ன விஷயத்துக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பது அதனால்தான்.

பணியிடம் என்றால் என்ன?

கணினித் திரையில் பல நிரல்களைத் திறந்து வைத்தால் சன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும். மூணாற்றில் தோட்ட அலுவலகக் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் சொன்னார்: "அண்ணே, பத்து பைலு தொறந்து கெடக்கு. எது எதுக்கு அடியில இருக்குன்னு தேடவே பாதி நேரம் போயிருது." இந்தக் குவியலுக்கு மாற்றுதான் பணியிடம். ஒரே திரையைப் பல திரைகளாகப் பாவித்து, ஒவ்வொன்றிலும் ஒருவகை வேலையை மட்டும் வைத்துக்கொள்வது.

வீட்டில் சமையலறை, பூசையறை, படிக்கும் அறை என்று பிரித்திருக்கிறோம் அல்லவா? ஓர் அறைக்குள் போனால் மற்ற அறையின் சாமான் கண்ணில் படாது. ஆனால் அது அங்கேயே இருக்கும். பணியிடமும் அப்படியே. இந்த அறை உவமை கணினி அறிஞர்களுக்கும் தோன்றியிருக்கிறது. 1986இல் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹெண்டர்சன், கார்ட் என்ற இருவர் சன்னல் நெரிசலைக் குறைக்க ஒரு முறை வகுத்து, அதற்கு 'ரூம்ஸ்', அதாவது அறைகள், என்றே பெயர் வைத்தனர். யுனிக்ஸ், லினக்ஸ் உலகில் இவ்வசதி 1990களிலேயே வேரூன்றிவிட்டது. ஆப்பிள் கணினிகளுக்கு 2007இலும், விண்டோசில் நேரடி வசதியாக 2015இலும்தான் வந்தது.

லினக்சில் டெஸ்க்டாப் எனப்படும் முகப்பு ஒன்றல்ல, பல. க்னோம், கே.டி.இ. பிளாஸ்மா, எக்ஸ்.எஃப்.சி.இ. ஆகியவை முக்கியமானவை. உபுண்டு 2017 அக்டோபரிலிருந்து க்னோமைத் தன் முதன்மை முகப்பாகக் கொண்டிருக்கிறது. இக்கட்டுரையும் க்னோமை வைத்தே செல்கிறது. உங்கள் கணினியில் எது இருக்கிறது என்பதை அமைப்புகளின் கடைசியில் உள்ள 'அபவுட்' பகுதியில் பார்க்கலாம்.

க்னோமின் இயல்பான ஏற்பாட்டில் பணியிடங்களுக்கு நிலையான எண்ணிக்கை கிடையாது. ஒன்று நிரம்பினால் அடுத்தது தானாகத் தோன்றும், காலியானால் மறையும். 2011இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அவை மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருந்தன. 2021 மார்ச்சில் வந்த 40ஆம் பதிப்பில் இடமிருந்து வலமாக மாற்றப்பட்டன. இந்தத் தானியங்கி ஏற்பாடு ஒருமொழிக்காரருக்குப் போதும். நமக்கு அது ஒத்துவருவதில்லை. 'தமிழ் எப்போதும் முதல் அறையில்' என்று கையும் கண்ணும் பழக வேண்டுமானால் அறை இடம் மாறாமல் இருக்க வேண்டும்.

நீட்சி என்றால் என்ன?

டெஸ்க்டாப்பின் இயல்பை மாற்ற உதவும் சிறு நிரல்தான் எக்ஸ்டென்ஷன். தமிழில் நீட்சி என்கிறோம். மேல்பட்டை, சன்னல்களின் பொதுக்காட்சி, பணியிடங்கள் ஆகியவற்றைத் திரையில் வரைந்து காட்டும் பகுதி க்னோம் ஷெல் எனப்படும். அதன் பெரும்பகுதி ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. நீட்சியும் அதே மொழியில் எழுதப்பட்டு, க்னோம் ஷெல்லின் உள்ளேயே சேர்ந்து ஓடும். இது கூரைக்கு வெளியே மாட்டும் பந்தல் போன்றதல்ல. வீட்டுச் சுவரையே இடித்து வாசல் வைப்பது போன்றது. அதனால் எதை வேண்டுமானாலும் மாற்ற முடிகிறது. அதனாலேயே சரியில்லாத நீட்சி ஒன்று முழு முகப்பையும் கெடுத்துவிடவும் முடியும்.

நீட்சிகளுக்கென்று க்னோம் திட்டத்தார் 2011 இறுதியில் ஓர் இணையக் களஞ்சியம் திறந்தனர். அங்கே சேர்க்கப்படும் ஒவ்வொரு நீட்சியையும் தன்னார்வலர்கள் படித்துப் பார்த்த பிறகே பொதுப் பயன்பாட்டுக்கு விடுகிறார்கள். எல்லாமே கட்டற்ற உரிமத்தில் உள்ளவை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம்.

நான்கு அறைகள் அமைக்கும் முறை

நான் பெரும்பாலும் நான்கு பணியிடங்கள் வைக்கிறேன். முதலாவது தமிழ். இரண்டாவது மலையாளம். மூன்றாவது பள்ளிப் பாடமும் ஆங்கிலமும். நான்காவது வீட்டுக் கணக்கு. குடும்பத்துக்குத் தக்கபடி இதை மாற்றிக்கொள்ளலாம். உபுண்டு 22.04இல் செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி, எண்ணிக்கையை நிலைப்படுத்துவது. இதற்கு நீட்சி தேவையில்லை. செட்டிங்சில் மல்டிடாஸ்கிங் என்ற பகுதியைத் திறந்தால், பணியிடங்கள் தானாகக் கூடிக் குறைய வேண்டுமா, நிலையான எண்ணிக்கையில் இருக்க வேண்டுமா என்று கேட்கும் இடம் உண்டு. இரண்டாவதைத் தேர்ந்து, 4 என்று வைக்க வேண்டும்.

இரண்டாம் படி, நீட்சிகளைக் கையாளும் கருவியை நிறுவுவது. உபுண்டுவின் மென்பொருள் கடையில் எக்ஸ்டென்ஷன் மேனேஜர் என்று தேடினால் கிடைக்கும். களஞ்சியத்தைத் தேடுவது, நிறுவுவது, அணைப்பது, நீக்குவது எல்லாவற்றையும் இந்த ஒரே இடத்தில் செய்யலாம்.

மூன்றாம் படி, அறைகளுக்குப் பெயர் வைப்பது. ஸ்பேஸ் பார் என்ற நீட்சியை நிறுவினால் மேல்பட்டையின் இடது பக்கத்தில் பணியிடங்கள் வரிசையாகத் தெரியும். சொடுக்கினால் அந்த அறைக்குப் போகலாம். பெயர்களையும் மாற்றலாம். தமிழ் எழுத்திலேயே 'தமிழ்', 'மலையாளம்', 'பாடம்', 'கணக்கு' என்று எழுதுங்கள். பெயர் சின்னதாக இருக்கட்டும். பழைய மடிக்கணினிகளின் திரை அகலம் குறைவு, நீளமான பெயர்கள் கடிகாரத்தை நெருக்கும். க்னோம் திட்டத்தாரே பராமரிக்கும் வொர்க்ஸ்பேஸ் இண்டிகேட்டர் என்ற நீட்சியும் இதே வேலையை எளிமையாகச் செய்யும். இரண்டில் ஒன்று போதும்.

திரையின் மேலே எப்போதும் 'தமிழ்' என்ற சொல் தமிழ் எழுத்தில் நிற்பது பிள்ளைகளிடம் என்ன செய்கிறது என்பதை நான் கவனித்திருக்கிறேன். கணினியில் தமிழ் என்பது எங்கோ பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு தேர்வு என்ற எண்ணம் போய், அது வீட்டின் முதல் அறை என்று ஆகிவிடுகிறது.

நான்காம் படி, நிரல்களைத் தத்தம் அறைக்கு அனுப்புவது. ஆட்டோ மூவ் விண்டோஸ் என்ற நீட்சி இதற்கானது. இதுவும் க்னோம் திட்டத்தாரின் பராமரிப்பில் இருப்பது. 'இந்த நிரலைத் திறந்தால் இந்த எண் பணியிடத்துக்குப் போகட்டும்' என்று ஒருமுறை சொல்லி வைத்தால் போதும். கணினியை அணைத்து மறுநாள் திறக்கும்போது, முந்தைய நாள் திறந்திருந்த சன்னல்களை க்னோம் தானாகத் திரும்பக் கொண்டுவராது. ஆகவே தினமும் கையால் அடுக்கும் சிரமத்தை இந்த நீட்சிதான் குறைக்கிறது. ஜியோஜீப்ரா, இங்க்ஸ்கேப், ஜிம்ப் மூன்றையும் மூன்றாம் அறைக்கும், லிபர் ஆபிஸ் கால்க்கை நான்காம் அறைக்கும் அனுப்பி வைப்பேன்.

இங்கே ஒரு முடிச்சு உண்டு. இந்த நீட்சி நிரலைத்தான் பார்க்கும், உள்ளே எந்த மொழியில் எழுதுகிறோம் என்று பார்க்காது. தமிழ்க் கட்டுரைக்கும் மலையாள விண்ணப்பத்துக்கும் ரைட்டர் ஒன்றே என்றால் இரண்டும் ஒரே அறைக்குத்தான் போகும். இதற்கு எளிய வழி நிரலைப் பிரித்துக்கொள்வது. ரைட்டரைத் தமிழுக்கு வைத்துக்கொண்டு, மலையாளத்துக்கு டெக்ஸ்ட் எடிட்டரைப் பயன்படுத்தலாம். இணைய உலாவியிலும் அப்படியே. ஃபயர்பாக்சை மலையாள அறையில் அரசு விண்ணப்பங்களுக்கு வைத்து, குரோமியத்தைத் தமிழ் அறையில் தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் செய்தித்தாளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி, விசைகளைப் பழகுவது. விண்டோஸ் படம் போட்ட விசையை லினக்சில் சூப்பர் விசை என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பேஜ் டவுன் அழுத்தினால் அடுத்த அறை, பேஜ் அப் அழுத்தினால் முந்தைய அறை. இவற்றோடு ஷிப்ட் விசையும் சேர்ந்தால் கையிலிருக்கும் சன்னலும் கூடவே வரும். ஒரு வாரம் பழகினால் எலியைத் தேட வேண்டாம். சூப்பர் விசையோடு எண் அழுத்தி அறை மாறும் வசதியை ஸ்பேஸ் பார் தருகிறது. ஆனால் உபுண்டுவின் இடப்பக்க டாக் அதே விசைகளை நிரல் திறக்கப் பயன்படுத்துகிறது. இரண்டில் ஒன்றை அணைத்துவிடுவது நல்லது.

விசைப்பலகையும் அறையோடு மாற வேண்டும்

வேலந்தாவளம் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "மாமா, தமிழ்லதானுங்க அடிக்கறேன், மலையாளமா வருதுங்க." மூன்று விசைப்பலகைகளும் ஒரே கணினியில் இருக்கும் வீடுகளில் இது அன்றாடத் தொல்லை. மலையாளத்தில் ஏதோ எழுதிவிட்டுத் தமிழ்ச் சன்னலுக்கு வந்தால் விசைப்பலகை மலையாளத்திலேயே நிற்கும். நாலு தடவை இப்படி ஆனால் பிள்ளை தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் அடிக்கத் தொடங்கிவிடும்.

இதற்குத் தீர்வு க்னோமிலேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. செட்டிங்சில் கீபோர்டு பகுதியில், எல்லாச் சன்னலுக்கும் ஒரே உள்ளீட்டு மொழியா, ஒவ்வொரு சன்னலுக்கும் தனித்தனியா என்று ஒரு கேள்வி உண்டு. இயல்பாக முதலாவது தேர்வாகியிருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு சன்னலும் தன் மொழியை நினைவில் வைத்துக்கொள்ளும். தமிழ் அறையில் ரைட்டருக்கு ஒருமுறை சூப்பரும் ஸ்பேசும் அழுத்தித் தமிழைத் தேர்ந்துவிட்டால், மலையாள அறைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் தமிழே நிற்கும். பணியிடமும் இந்த ஏற்பாடும் சேரும்போதுதான் அறை மாறினால் மொழியும் மாறும் என்ற நிலை கிடைக்கிறது. அந்தச் சிறுமியின் கணினியில் செய்த மாற்றம் இவ்வளவுதான்.

இதில் ஒரு வரம்பு இருக்கிறது. உலாவியில் பல பக்கங்களைத் தாவல்களாகத் திறந்தால் அவை எல்லாம் ஒரே சன்னல்தான். தமிழ்ப் பக்கத்தையும் மலையாளப் பக்கத்தையும் தனிச் சன்னல்களில் திறக்க வேண்டும்.

எந்தத் தமிழ் விசைப்பலகை என்ற கேள்வியும் வரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருக்கும். தமிழுக்கென்றே வகுத்தது, வேகமானது. ஆனால் கேரளப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் வேறொன்றையும் சொல்வதுண்டு. அவர்கள் மலையாளம் தட்டச்சுக்கு இன்ஸ்கிரிப்ட் முறையைப் பழகியிருப்பார்கள். இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே ஒலிக்கு ஒரே விசை என்பது இன்ஸ்கிரிப்டின் அடிப்படை. மலையாளத்தில் க எந்த விசையோ தமிழிலும் க அதே விசை. ப, ம, த, ந எல்லாம் அப்படியே. மலையாள இன்ஸ்கிரிப்ட் தெரிந்த பிள்ளை, தமிழ் இன்ஸ்கிரிப்டைத் தேர்ந்த அன்றைக்கே தமிழில் அடிக்கத் தொடங்கலாம். ழ, ற, ள ஆகியவை இரு மொழிக்கும் பொது என்பதால் அவையும் கைவந்தவையே. பள்ளியில் மலையாளம் கற்றது தமிழுக்குத் துணையாகும் இடம் இது.

எழுத்துருவிலும் இந்த உறவைக் காணலாம். மலையாளக் கட்டற்ற கணிமைக் குழுவான சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங், தங்கள் மீரா மலையாள எழுத்துருவின் சாயலில் மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவையும் வெளியிட்டிருக்கிறது. இரண்டையும் நிறுவிக்கொண்டால் இரு மொழிப் பக்கங்களும் ஒரே கையால் எழுதியதுபோல் ஒத்திருக்கும்.

கவனிக்க வேண்டியவை

நீட்சிகளின் பெரிய குறை, அவை பதிப்பைச் சார்ந்து நிற்பது. ஒவ்வொரு நீட்சியும் தான் எந்தெந்த க்னோம் பதிப்புக்கு ஏற்றது என்று தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கும். பட்டியலில் இல்லாத பதிப்பில் அது ஓடாது. க்னோம் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பு விடுகிறது. 2023 செப்டம்பரில் வந்த 45ஆம் பதிப்பில் நீட்சிகளை ஏற்றும் முறையே மாறியதால், பழைய நீட்சிகள் அனைத்தையும் அவற்றை எழுதியவர்கள் திருத்த வேண்டியதாயிற்று. திருத்த ஆளில்லாதவை அங்கேயே நின்றுவிட்டன.

எனவே வீட்டுக்கும் பள்ளிக்கும் நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு பதிப்புகளே தகுந்தவை. அவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகின்றன, ஐந்தாண்டு பராமரிப்பு உண்டு. 22.04இல் க்னோம் 42 இருக்கிறது, 24.04இல் 46. புதிய பதிப்புக்கு மாறுவதற்கு முன் நீங்கள் நம்பியிருக்கும் நீட்சிகள் அதற்கு வந்துவிட்டனவா என்று களஞ்சியத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பரீட்சைக்கு முந்தைய வாரம் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

நீட்சிகளின் எண்ணிக்கையை மூன்று நான்கோடு நிறுத்துங்கள். களஞ்சியத்துக்குள் போனால் அழகழகாக நூறு கிடைக்கும். சன்னல் ஆடுவது, கனசதுரமாகச் சுழல்வது எல்லாம் உண்டு. நினைவகம் குறைந்த கணினியில் அவை சுமைதான். ஏதாவது ஒன்று தகராறு செய்தால் எக்ஸ்டென்ஷன் மேனேஜரின் மேலே உள்ள ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம்.

பயனர் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் நிறுவும் நீட்சிகளும் அமைப்புகளும் உங்கள் பயனர் கணக்குக்குள் மட்டும் இருப்பவை. வீட்டில் மூவர் என்றால் மூன்று கணக்கு தொடங்குவது நல்லது. ஒருவர் அடுக்கியதை மற்றவர் கலைக்க மாட்டார். இன்னொரு பயனும் இதில் உண்டு. பணியிடத்துக்குப் பணியிடம் எழுதும் மொழியை மாற்றலாமே தவிர, மெனுக்களின் மொழியை மாற்ற முடியாது. அது கணக்கு முழுமைக்கும் ஒன்றே. முழு முகப்பும் தமிழில் வேண்டும் என்பவர் தம் கணக்கின் மொழியைத் தமிழ் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களின் கணக்கு அவரவர் மொழியில் இருக்கும்.

பள்ளிக் கணினிகளில் இவற்றைப் பிள்ளைகள் தாமாகச் செய்வது முறையல்ல. எஸ்.ஐ.டி.சி. எனப்படும் பள்ளி ஐ.டி. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்குகின்றன. தமிழ்வழி வகுப்புகள் உள்ள பள்ளிகளில் இம்மன்றப் பிள்ளைகளுக்கு இது நல்ல செயல்முறைப் பயிற்சியாகும்.

மிகப் பழைய கணினி என்றால் க்னோமைத் திணிக்காதீர்கள். எக்ஸ்.எஃப்.சி.இ. முகப்பில் பணியிடங்களின் எண்ணிக்கையையும் பெயரையும் நீட்சி எதுவும் இல்லாமலே அமைப்புகளில் வைக்கலாம். கே.டி.இ. பிளாஸ்மாவிலும் அப்படியே. அதில் அறைகளை இரண்டு வரிசையாகக் கட்டம்போலவும் அடுக்க முடியும்.

தமிழாக்கும் பணி

தனி ஆர்வலர்கள் எழுதிய நீட்சிகள் பலவற்றின் அமைப்புப் பக்கங்களில் தமிழ் இல்லை. முகப்பு தமிழில் இருக்க, நீட்சியின் பக்கம் மட்டும் ஆங்கிலத்தில் திறக்கும். இதைச் சரிசெய்ய நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பு வசதியோடு எழுதப்பட்ட நீட்சிகளில் ஆங்கிலத் தொடர்கள் எல்லாம் தனிக் கோப்பு ஒன்றில் வரிசையாக இருக்கும். எதிரே தமிழை எழுதி, நீட்சியை எழுதியவருக்கு அனுப்பினால் போதும். ஒரு சிறு நீட்சியில் சில டசன் தொடர்கள்தான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையின் வேலை.

மொழிபெயர்க்கும்போது க்னோமின் தமிழாக்கத்தில் முன்பே உள்ள சொற்களையே எடுத்தாள வேண்டும். ஒரு பக்கத்தில் 'பணியிடம்', இன்னொரு பக்கத்தில் 'வேலைக்களம்', மூன்றாவதில் 'பணிவெளி' என்று இருந்தால் படிப்பவர் குழம்புவார். புதுச்சொல் படைக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, பழகிய சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதே இங்கே தமிழ்த்தொண்டு. தமிழ்த் தொடர்கள் ஆங்கிலத்தைவிட நீளும் என்பதால் பொத்தான்களில் வரும் சொற்களைச் சுருக்கமாக வைக்கவும் வேண்டும்.

நம் சங்கங்களால் செய்யக்கூடியவை சில உண்டு. பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் கூடுகிறோம். பேச்சுப் போட்டி, கோலப் போட்டி நடத்துகிறோம். அவற்றோடு ஓர் அரை நாள், கணினி அமைப்பு முகாம் என்று வைத்தால், மடிக்கணினியோடு வரும் ஒவ்வொரு குடும்பமும் தமிழ் விசைப்பலகையும் தமிழ்ப் பணியிடமும் அமைத்துக்கொண்டு வீடு திரும்பலாம். சொல்லிக் கொடுக்க வெளியூரிலிருந்து ஆளை அழைக்க வேண்டியதில்லை. பள்ளியில் லினக்ஸ் படித்த எல்லைப் பகுதிப் பிள்ளைகளே போதும். பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பெருமையும் அவர்களுக்குக் கிடைக்கும்.

நிறைவாக

கட்டற்ற மென்பொருள் நமக்குத் தருவது விலையில்லாப் பொருளை மட்டுமல்ல. கணினியை நம் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளும் அதிகாரத்தையும் தருகிறது. பெரும்பான்மையின் மொழியை முன்னிறுத்திச் செய்த ஏற்பாட்டைச் சிறுபான்மையினர் யாரிடமும் மனுக் கொடுக்காமல் தம் வீட்டில் மாற்றிக்கொள்ள முடிவது சாதாரண விஷயமல்ல. எல்லைப் பகுதிக்கு மட்டுமன்றி மும்பையிலோ பெங்களூரிலோ டில்லியிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். மலையாளம் என்று நான் சொன்ன இடத்தில் மராத்தி, கன்னடம், இந்தி என்று வைத்துக்கொண்டால் முறை ஒன்றே.

மற்ற மொழிகளுக்குக் கதவடைப்பது இதன் நோக்கமன்று. நான்கு அறைகளில் மலையாளத்துக்கும் ஓர் அறை, ஆங்கிலத்துக்கும் ஓர் அறை கொடுத்திருக்கிறோம். தமிழுக்கும் சொந்தமாக ஓர் அறை, பெயர்ப்பலகையோடு இருக்கட்டும் என்பதுதான் வேண்டுகோள். செட்டிங்சைத் திறந்து, மல்டிடாஸ்கிங் பகுதியில் 4 என்று வைப்பதிலிருந்து தொடங்கலாம்.